நகத்தைத் திட்டாதீங்க... கட்டையைக் காட்டுங்க!



"இந்தச் சனியனைச் சாக்குல கட்டி எங்கேயாவது தூரமா விட்டுட்டு வந்துடுங்க!" — பூனை வளர்க்கும் வீடுகளில் இந்த வசனம் ஒரு தடவையாவது கேட்டிருக்கும். சோபாவைப் பிராண்டினால் இந்த வசனம். பிள்ளைகள் கையில் கீறல் பட்டால் இந்த வசனம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தாலும் இதே வசனம்தான். வசனத்தோடு நிற்காமல், நிஜமாகவே சாக்கில் கட்டிக்கொண்டு போய் மீன் மார்க்கெட்டிலோ, கண்மாய்க் கரையிலோ விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பூனை, தெரியாத இடத்தில் நாய்களிடம் மாட்டிக்கொள்ளும், அல்லது பட்டினி கிடக்கும், அல்லது ரோட்டில் அடிபடும். நல்லபடியாகப் பிழைக்கும் பூனை குறைச்சல்தான்.

பிராண்டுகிற பூனையையும், ஊர் சுற்றுகிற பூனையையும் அடிக்காமல், விரட்டாமல் வழிக்குக் கொண்டு வர முடியும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்து பார்த்ததை எழுதுகிறேன். யாருக்காவது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

நாய்க்குப் பேர் போன ராஜபாளையத்தில் இருந்துகொண்டு பூனையைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள்! எங்கள் தெருவில் நாயைவிடப் பூனைதான் அதிகம். 2022 நவம்பர் மழையில், கொல்லையில் விறகு அடுக்கி வைத்திருந்த இடத்தில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டிதான் எங்கள் குட்டிம்மா. சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருப்பாள். அப்போது அவளை உள்ளே தூக்கி வந்ததே என் மாமியார்தான். "அரிசி மூட்டைக்கு எலி வருது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சொன்ன மாதிரியே மூன்று மாதத்தில் எலித் தொல்லை போயிற்று.

ஆனால், குட்டி வளர வளர வேறு தொல்லைகள் வந்தன. என் கல்யாணச் சீராக வந்த சோபாவின் இரண்டு கைப்பிடியிலும் பஞ்சு வெளியே தள்ளியது. ராத்திரியில் ஓட்டு மேல் நாலு கடுவன் பூனைகள் வந்து சண்டை போட்டன. எதிர் வீட்டு அக்கா வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் மூன்றைக் காணவில்லை. "உங்க பூனை மறுபடி எங்க வாசப்படி ஏறினா கருவாட்டுல எலி மருந்து தடவி வெச்சுருவேன், சொல்லிட்டேன்!" என்று அந்த அக்கா தெருவில் நின்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில், 2023 மே மாத விடுமுறைக்கு என் நாத்தனார் வந்திருந்தார். அவருடைய நாலு வயதுப் பையன், தூங்கிக்கொண்டிருந்த குட்டிம்மாவைப் பின்னாலிருந்து லபக்கென்று தூக்கினான். பயத்தில் அவள் கையைப் பிராண்டிவிட்டு ஓடினாள். ரத்தம் வந்துவிட்டது. வீடே அல்லோலகல்லோலம்! "வெளிநாட்டுல எல்லாம் பூனைக்கு நகத்தையே எடுத்துடறாங்களாம். இங்கேயும் எடுத்துடுங்க. இல்லேன்னா பூனையை அனுப்பிடுங்க" என்றார் நாத்தனார். என் மாமியாரும், "அவ சொல்றதுதாம்மா சரி. பிள்ளைக்கு மேலயா பூனை?" என்றார். என் கணவர் பதில் பேசாமல் சாக்கைத் தேடினார். என் மகள் பூனையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒரு நாள் பொறுங்க. கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு, குட்டிம்மாவைக் காய்கறிக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி எடுத்துப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்ன விஷயங்கள்தான் எங்கள் பிரச்னையைத் தீர்த்தன.

நகத்தை எடுத்தால் என்ன?

"நகத்தை எடுக்கிறதுன்னா நாம நகம் வெட்டுற மாதிரின்னு நினைச்சீங்களா? பூனைக்கு நகம் விரலோட கடைசி எலும்பிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்த எலும்போட சேர்த்து வெட்டி எடுக்கணும். உங்க பத்து விரலையும் கடைசிக் கணுவோட வெட்டினா எப்படி இருக்கும்?" என்று கேட்டார் டாக்டரம்மா. கேட்ட எனக்கே கை கூசியது.

அப்படி வெட்டப்பட்ட பூனை நடக்கும்போதும் மண்ணைத் தோண்டும்போதும் வலிக்குமாம். வலியினால் மண் தொட்டிக்குப் போகாமல் கண்ட இடத்தில் அசிங்கம் பண்ணும் பூனைகளும் உண்டாம். நகம் இல்லாததால் பயத்தில் கடிக்கப் பழகிவிடுவதும் உண்டாம். இங்கிலாந்தில் இந்த ஆபரேஷனுக்குத் தடை இருக்கிறது. இஸ்ரேல் 2011-ல் தடை செய்தது. அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க் மாநிலம் 2019-ல் தடை செய்தது. வெளிநாட்டுக்காரர்களே வேண்டாம் என்று விடுகிற ஒன்றை நாம் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

பூனை ஏன் பிராண்டுகிறது?

சோபா மேல் கோபம் இருந்து அது பிராண்டுவதில்லை. பூனையின் நகம் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வளருகிறது. மேல் உறை பழசானதும் அதைக் கழற்றிப் போட எதையாவது பிராண்டியே ஆக வேண்டும். சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது பிறை மாதிரி வளைந்த வெள்ளைத் தோல் கிடக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதுதான் கழன்ற உறை.

இரண்டாவது காரணம், சோம்பல் முறிப்பது. தூங்கி எழுந்ததும் முன்னங்கால்களை உயரத் தூக்கி, நகத்தை ஊன்றி, முதுகை இழுத்து விடும். மூன்றாவது, முகவரி எழுதுவது! பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பிராண்டிய இடத்தில் அதன் வாசனை ஒட்டிக்கொள்ளும். 'இது என் வீடு' என்று எழுதி வைப்பது போல. அதனால்தான் எல்லோரும் புழங்குகிற கூடத்தில், நடுநாயகமாக இருக்கிற சோபாவையே பிடித்துக்கொள்கிறது.

ஆக, பிராண்டாதே என்று பூனையிடம் சொல்வது, மூச்சு விடாதே என்று சொல்வது மாதிரி. எங்கே பிராண்டலாம் என்று காட்டிக் கொடுப்பது மட்டும்தான் நம்மால் முடியும்.

பழைய உரலுக்குப் புது வேலை

கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த கல் உரல் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. வீடு கட்டினபோது மிஞ்சிய சவுக்குக் கட்டையும் இருந்தது. என் கணவர் நாலு அடி நீளத்துக்கு அந்தக் கட்டையை அறுத்து, உரல் குழியில் நிறுத்தி, சுற்றிலும் ஓட்டுச் சில்லும் சிமென்ட்டும் போட்டு இறுக்கினார். காய்ந்த பிறகு, மேலிருந்து கீழே வரை தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றினோம். கயிற்றின் இரண்டு நுனியையும் உள்ளே மடக்கி ஆணி அடித்தோம். ஆணியின் தலை வெளியே தெரிந்தால் காலில் குத்திவிடும், கவனம். செலவு 200 ரூபாய் கூட ஆகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. கட்டை ஆடக் கூடாது. ஒரு தடவை ஆடிச் சாய்ந்துவிட்டால் பூனை மறுபடி அதன் பக்கமே வராது. அடுத்தது, உயரம் போதுமானதாக இருக்க வேண்டும். பூனை பின்னங்காலில் நின்று முழுசாக நீட்டினாலும் கட்டை மிச்சம் இருக்க வேண்டும். மூன்றடிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

கட்டையை மாடிப்படிக்குக் கீழே ஒளித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை. பூனை தூங்குகிற இடத்துக்குப் பக்கத்திலோ, அது கெடுக்கிற சாமானுக்கு ஒட்டினாற்போலவோ வைக்க வேண்டும். நாங்கள் சோபாவின் கைப்பிடியை ஒட்டியே வைத்தோம். சோபாவின் இரண்டு கைப்பிடிக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டை இறுகக் கட்டினோம். நகம் வழுக்கினால் அதற்கு ருசிக்காது.

அப்புறம் ஒரு சின்ன தந்திரம். குப்பைமேனிச் செடிக்குப் 'பூனைவணங்கி' என்று இன்னொரு பேர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் வேரின் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். எங்கள் வேலி ஓரத்தில் தானாக முளைத்துக் கிடந்த செடியை வேரோடு பிடுங்கி, வேரைக் கயிற்றின் மேல் நன்றாகத் தேய்த்தேன். குட்டிம்மா வந்து முகர்ந்தாள், கன்னத்தை உரசினாள், பிறகு இரண்டு கையாலும் கட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பிராண்டு! உடனே வேகவைத்த மீன் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். கட்டையைத் தொட்டால் மீன் என்று இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டையில் தேய்த்துக் காட்ட வேண்டாம். பூனைக்குக் கட்டாயப்படுத்தினால் பிடிக்காது.

சரியாக மூன்று வாரத்தில் சோபாவை விட்டுவிட்டாள். அதன் பிறகும் ஒரு மாதம் பிளாஸ்டிக் ஷீட்டை எடுக்கவில்லை. பிறகு கட்டையைத் தினம் ஒரு சாண் நகர்த்தி ஜன்னலோரம் கொண்டுபோனோம்.

உரலும் கட்டையும் எல்லோருக்கும் கிடைக்குமா? வாடகை வீட்டில், மாடி வீட்டில் இருப்பவர்கள் கட்டில் காலில் கோணிச் சாக்கை நாலு சுற்று சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். தேங்காய் நார் மிதியடியைப் பலகையில் ஆணி அடித்துச் சுவரோரம் நிறுத்தலாம். சில பூனைகளுக்கு நின்றுகொண்டு பிராண்டப் பிடிக்கும். சிலதுக்குத் தரையில் படுத்துக்கொண்டு பிராண்டப் பிடிக்கும். உங்கள் பூனை கோரைப் பாயை இழுக்கிறதா, கதவை இழுக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற மாதிரி செய்யுங்கள்.

பூனை வராமல் இருக்க அந்துருண்டை போடுவது, மிளகாய்ப் பொடி தூவுவது, பினாயிலை ஊற்றுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பூனை ஓயாமல் உடம்பை நக்கிக்கொள்ளும். காலில் பட்டது வயிற்றுக்குள் போகும். அந்துருண்டையும் பினாயிலும் அதற்கு விஷம். அதே மாதிரி, பூனைக்குச் சுரம் என்று நாம் சாப்பிடுகிற பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பூனையின் உயிரையே வாங்கிவிடும்.

நகம் வெட்டலாம்!

நகத்தைப் பிடுங்கத்தான் கூடாதே தவிர, நுனியை வெட்டலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு, மொத்தம் 18 நகம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு மடியில் தூங்கி வழிகிற நேரம் பார்த்து, விரலை மேலும் கீழுமாக மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ரோஸ் நிறம் தெரியும். அது ரத்தம் ஓடுகிற இடம். அதைத் தொடாமல், கண்ணாடி மாதிரித் தெரிகிற கூர் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். தப்பித் தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். ஒரே நாளில் 18 நகத்தையும் முடிக்க வேண்டும் என்று இல்லை. நாளைக்கு இரண்டு விரல் வெட்டினாலும் சரிதான்.

ஆனால், வெளியே மரம் ஏறி, நாய்க்குப் பயந்து தப்பிக்கிற பூனைக்கு நகம்தான் ஆயுதம். அதற்கு ரொம்பவும் வெட்டாதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்...

தூங்குகிற பூனையையும், சாப்பிடுகிற பூனையையும் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். வால் சாட்டை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்தாலும், காது பின்னால் மடிந்தாலும் 'என்னை விடு' என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். கையையே ஆட்டி ஆட்டிப் பூனையோடு விளையாடினால், கைதான் இரை என்று பழகிவிடும். குச்சியில் துணியையோ கோழி இறகையோ கட்டி விளையாட்டுக் காட்டுங்கள். விளையாடி முடித்ததும் நூலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பூ கட்டுகிற நூலை விழுங்கி, குடல் அறுபட்டுச் செத்துப்போகிற பூனைகள் உண்டு என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

கீறல் பட்டுவிட்டால், அது நம் வீட்டுப் பூனையே ஆனாலும் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபிப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனையிடமிருந்தும் வரும். வந்துவிட்டால் பிழைக்க வைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். என் நாத்தனார் மகனை அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தடவை இலவசமாகவே ஊசி போட்டார்கள்.

பூனைக்கும் மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம் போட்டுவர வேண்டும். ஜூலை 6-ம் தேதியும், செப்டம்பர் 28-ம் தேதியும் பல ஊர்களில் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும். விசாரித்து வையுங்கள்.

ஊர் சுற்றுவதை நிறுத்த...

எங்கள் வீட்டு ஓட்டு மேல் ராத்திரி நடந்த கச்சேரிக்குக் காரணம், குட்டிம்மா பருவத்துக்கு வந்ததுதான். பூனை நாலைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும் வயதுக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 65 நாள்தான். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈத்து. குட்டிகளை யார் தலையில் கட்டுவது? அந்தக் குட்டிகள்தானே கடைசியில் சாக்கில் போகின்றன!

அதனால், 2023 ஜூலையில் குட்டிம்மாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். "பொம்பளைப் பூனைக்குப் போய் ஆபரேஷனா? பாவம் இல்லையா?" என்று மாமியார் கேட்டார். "அத்தை, வருஷத்துக்குப் பத்துக் குட்டியைத் தெருவுல விடுறதைவிட இது பாவமா?" என்றேன். யோசித்துவிட்டு, "சரி, செவ்வாய்க்கிழமை வேண்டாம்" என்றார்! கடுவன் பூனைக்கு இந்த ஆபரேஷன் இன்னும் சுலபம். அது ஊர் சுற்றுவதும், சண்டை போட்டுக் காயத்தோடு வருவதும், சுவரெல்லாம் நாற்றமடிக்க மூத்திரம் பீய்ச்சுவதும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

ஆபரேஷன் ஆனதும் பத்து நாள் வெளியே விடக் கூடாது என்றார்கள். கதவைச் சாத்தி உள்ளேயே வைத்திருந்தோம். அந்தப் பத்து நாளில்தான் வேடிக்கை. எதிர் வீட்டில் மேலும் இரண்டு கோழிக்குஞ்சுகள் காணாமல் போயின! ஒரு நாள் விடியற்காலையில் அந்த வீட்டு அண்ணாச்சியே கீரிப்பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதன் பிறகு அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால், என் கணவர் போய் அவர்களின் பழைய பஞ்சாரத்துக்குக் கம்பி வலை கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கீரிக்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது. குஞ்சு பெரிதாகும் வரை அதற்குள் இருந்தால் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி.

இதைச் சொன்னதால் எங்கள் குட்டிம்மா பரம சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஓணானும் குருவியும் பிடித்து வந்து வாசலில் போட்டவள்தான். பூனை அதிகமாக வேட்டைக்குப் போவது பொழுது சாயும்போதும், விடியும்போதும். அதனால், சாயங்காலம் ஆறரை மணிக்குச் சரியாகச் சாப்பாடு என்று வழக்கப்படுத்தினோம். தட்டில் கரண்டியால் மூன்று தட்டு. எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுவாள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டால், காலை ஏழு மணிக்குத்தான் திறப்போம். மதியமே வயிறு முட்டப் போட்டுவிட்டால் சாயங்காலம் வர மாட்டாள். சாப்பாட்டிலும் வெறும் பால் சோறு போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாமல் பேதியாகும். மீன், முட்டை, கோழிக் கறி, இவைதான் அதற்கு உடம்பில் ஒட்டும்.

2021-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆராய்ச்சி ஒன்றை என் மகள் படித்துக் காட்டினாள். தானியம் சேராத, இறைச்சிச் சத்து மிகுந்த தீனி கொடுத்த பூனைகள் வீட்டுக்குக் கொண்டு வந்த இரை 36 சதவீதம் குறைந்ததாம். தினமும் ஐந்து பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்ததாம். செலவில்லாத வைத்தியம்! இப்போது சாயங்காலம் விளையாட்டுக் காட்டுவது என் மகளின் டியூட்டி.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கேட்பார்கள். நாங்கள் கட்டினோம்! மணிச் சத்தத்துக்குக் குருவி பறந்துவிடும். ஆனால், கழுத்துப் பட்டை வேலியிலோ மரத்திலோ மாட்டினால் தானாக அவிழ்ந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் தூக்கு மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ராத்திரி உள்ளே அடைத்தால் 'அதற்கு' என்ன செய்வது? பழைய பிளாஸ்டிக் டப்பில் நாலு விரற்கடை ஆற்று மணல் போட்டு, சாப்பாட்டுத் தட்டுக்குத் தூரமாக ஒரு மூலையில் வையுங்கள். தினமும் அசிங்கத்தை அள்ளிவிட வேண்டும். வாரம் ஒரு தடவை மணலை மாற்றி, டப்பைக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பாத்தியில் போய்த் தோண்டுகிற பழக்கம் தானாகக் குறையும். அப்படியும் தோண்டினால், பாத்தி மண்ணின் மேல் கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கச் சொல்லுங்கள். மண்ணைத் தோண்ட இடமில்லாவிட்டால் பூனை போய்விடும்.

கர்ப்பமாக இருக்கும் தோழிகள் கவனத்துக்கு: 'வீட்டில் பூனை இருந்தால் கர்ப்பத்துக்கு ஆகாது, முதலில் அதைத் துரத்து' என்பார்கள். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி இருக்கலாம். அது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. மணல் டப்பை நீங்கள் தொடாமல் வீட்டில் வேறு ஒருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். வெளியே வந்த மலத்தில் அந்தக் கிருமி தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால்தான் தினமும் அள்ளச் சொல்கிறார்கள். தோட்ட வேலை செய்தால் கையுறை போடுங்கள். கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் டாக்டரிடம் மனம் விட்டுக் கேளுங்கள்.

எலி மருந்து வைக்கும் முன்...

எலி மருந்து தடவிய கருவாட்டைப் பூனை மட்டுமா தின்னும்? காக்காய் தூக்கிப்போய்க் கிணற்றில் போடும். கோழி கொத்தும். தவழுகிற பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். தவிர, சட்டமும் இருக்கிறது. 1960-ம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, வளர்க்கும் பிராணியைப் பட்டினி கிடக்கும்படி எங்காவது விட்டுவிட்டு வருவது குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில், பிராணிக்கு விஷம் வைத்துக் கொன்றாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. யாரையும் மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. கோபத்தில் வாய் தவறிச் சொல்கிற அக்காக்கள் அதைச் செய்யும் அளவுக்குப் போகாமல் இருக்கட்டும் என்றுதான்.

நம் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. நம் பூனையால் அடுத்தவருக்கு நஷ்டம் என்றால், "பூனைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று பேசக் கூடாது. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வலை அடித்துக் கொடுப்பதோ, பாத்தியைச் சரி செய்து கொடுப்பதோ, ஒரு மணி நேர வேலை. அதைச் செய்துவிட்டால் அவர்கள் விஷத்தைத் தேட மாட்டார்கள்.

என் மாமியார் இன்றைக்கும் குட்டிம்மாவைக் கொஞ்ச மாட்டார். "என் படுக்கையில முடியா கொட்டுது" என்று தினமும் ஒரு பாட்டு. ஆனால், நான் ஊருக்குப் போயிருந்தால் ஆறரை மணிக்குத் தட்டில் மூன்று தட்டு தட்டுவது அவர்தான் என்று என் மகள் போட்டுக் கொடுத்துவிட்டாள்! நாத்தனார் மகன் இந்த வருஷமும் விடுமுறைக்கு வருகிறான். விளையாட்டுக் குச்சியை எடுத்து வைக்கும்படி போனில் சொல்லியிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பூனை எதைப் பிராண்டுகிறது, அதற்கு நீங்கள் என்ன வழி கண்டுபிடித்தீர்கள்? நீங்களும் எழுதுங்களேன், தோழிகளே. சோபா போனால் புதிதாக உறை தைத்துக்கொள்ளலாம். ஒரு சாண் கயிறு மிச்சம் பிடிக்கப் பார்த்து, வாயில்லா ஜீவனை விட்டுவிட வேண்டாம்.

— குட்டிம்மா வீட்டு அம்மா, ராஜபாளையம்.